சென்மதி நிலுவை: சொல்லும் பொருளும்

'பேலன்ஸ் ஆஃப் பேமெண்ட்ஸ்' என்பதற்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இலங்கை மத்திய வங்கியின் அறிக்கைகளில் அது 'சென்மதி நிலுவை'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'செலுத்துநிலை'. ஒரு நாட்டில் வசிப்போருக்கும் வெளிநாட்டில் வசிப்போருக்கும் இடையே ஒரு காலாண்டிலோ ஓராண்டிலோ நடந்த எல்லாக் கொடுக்கல் வாங்கல்களின் கணக்கு என்பதே இரண்டுக்கும் பொருள். இதில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

செல் + மதி = சென்மதி. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகிற அதே புணர்ச்சி. ஏற்றுமதி, இறக்குமதி என்ற சொற்களோடு இயல்பாக இணைந்து நிற்பதால் என் விருப்பம் இந்தச் சொல்தான். தமிழ்நாட்டு வாசகருக்குச் சிக்கல் 'நிலுவை'யில் வருகிறது. வரி நிலுவை, சம்பள நிலுவை என்று பாக்கியைக் குறித்தே அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவர், சென்மதி நிலுவையையும் நாட்டின் கடன் பாக்கி என்று எடுத்துக்கொள்கிறார். கடன் பாக்கி குறிப்பிட்ட ஒரு நாளில் நிற்கும் தொகை. இதுவோ ஒரு காலம் முழுக்க உள்ளே வந்ததும் வெளியே போனதும்.

'பேலன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இரட்டைத் தட்டுத் தராசைக் குறித்தது. கணக்கின் இயல்புக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இரண்டு தட்டும் எப்போதும் சமமாகத்தான் நிற்கும். ஒரு நாடு 100 கோடி டாலருக்கு இறக்குமதி செய்கிறது. 70 கோடிக்கு ஏற்றுமதி செய்கிறது. வெளிநாட்டில் வேலை செய்வோர் 20 கோடி அனுப்புகிறார்கள். வர்த்தகப் பற்றாக்குறை 30 கோடி, அனுப்பிய பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் வரும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 10 கோடி. அந்த 10 கோடி எங்கிருந்தோ வந்தே ஆகவேண்டும். 6 கோடி வெளிநாட்டுக் கடன், மீதி 4 கோடி மத்திய வங்கியின் டாலர் கையிருப்பிலிருந்து எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், பூஜ்யம். நடைமுறையில் புள்ளிவிவரங்கள் இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. இடைவெளியை நிரப்பப் 'பிழைகளும் விடுபாடுகளும்' என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் 'சென்மதி நிலுவையில் பற்றாக்குறை' என்று செய்தியில் வருவது எப்படி? கையிருப்பு மாற்றத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற வரிகளை மட்டும் கூட்டிச் சொல்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அது 4 கோடி. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை தன்னளவில் கெட்டதல்ல. அதைத் தொழிற்சாலை கட்ட வந்த முதலீடு ஈடுகட்டுகிறதா, சில மாதங்களில் திருப்பிக் கட்டவேண்டிய கடன் ஈடுகட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்து, கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்ற அளவு. மூன்று மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம். 1991 நடுவில் இந்தியாவிடம் மூன்று வாரத்துக்கே திண்டாட்டம். ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் ரூபாயின் மதிப்பும் இரண்டு கட்டமாக இறக்கப்பட்டது.

ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று சொல்லும் செலாவணி வீதத்தைத் தனியாகப் படிக்கக்கூடாது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கம் வரை டாலர் சுமார் 200 ரூபாயில் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் அமைதியாகவே தெரிந்திருக்கும். உள்ளே கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. அதற்கு முன்பே, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்துவிட்டது.

வீதம் 80-லிருந்து 85 ஆனால் ஏறியது டாலர், இறங்கியது ரூபாய். சந்தையின் போக்கில் இப்படி இறங்குவது 'மதிப்புத் தேய்வு'. அரசோ மத்திய வங்கியோ முடிவெடுத்து இறக்குவது 'மதிப்பிறக்கம்'. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக்கியது இந்த இரண்டாம் வகை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவித்தது 'பணமதிப்பு நீக்கம்'. அதற்கும் செலாவணி வீதத்துக்கும் சம்பந்தமில்லை. தலைப்புச் செய்திகளிலேயே இந்தச் சொற்கள் இடம் மாறி விழுவதுண்டு. எண்ணை நம்புவதற்கு முன், எந்தச் சொல்லோடு வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.