அயனி மதகு: 'அயன் சேனல்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

உயிரணுச் சவ்வில் பதிந்து, அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) உள்ளும் புறமும் விடும் 'அயன் சேனல்' என்ற புரதத்தைத் தமிழில் அயனி வாய்க்கால், அயனிக் கால்வாய், அயனித் தடம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எதுவும் தவறில்லை. ஆனால் வாய்க்கால் திறந்தே கிடக்கும். இந்தப் புரதங்களில் பல, தட்டினால்தான் திறக்கும்: மின்னழுத்தம் மாறவேண்டும், ஒரு மூலக்கூறு வந்து ஒட்டவேண்டும், அல்லது சவ்வு இழுபடவேண்டும். ஏரிக்கரையில் இதே வேலையைச் செய்வதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: மதகு.

சொற்களின் ஊரைப் பார்ப்போம். 'அயன்' கிரேக்கம், 'செல்வது' என்று பொருள். மின்பகுப்பை விளக்கப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடேக்கு கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1834இல் எடுத்துக்கொடுத்தது. தமிழ்நாட்டில் அயனி, இலங்கையில் அயன், இரண்டும் ஒலிபெயர்ப்பே. ஆனால் உத்தராயணத்தில் உள்ள 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் செல்லுதல் என்றே பொருள். அதுவும் அந்தக் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே அயனியை மாற்றத் தேவையில்லை. 'சேனல்' லத்தீனில் குழாய், ஓடை. இங்கே எடுத்துக்காட்டாகப் பார்க்கப்போகும் அயனியின் பெயரான 'கால்சியம்', சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஹம்ப்ரி டேவி 1808இல் வைத்த பெயர். அதைச் சுண்ணம் என்றால் வெற்றிலைக்குத் தடவுவதுதான் நினைவுக்கு வரும். கால்சியம் என்றே இருக்கட்டும்.

மதகு ஏன் பொருந்துகிறது என்பதைக் கால்சியத்தின் அளவே சொல்லும். உயிரணுவுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு 1 முதல் 2 மில்லிமோலார். உள்ளே, ஓய்வில், சுமார் 100 நானோமோலார் (பத்து இலட்சம் நானோமோலார் ஒரு மில்லிமோலார்). பத்தாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. மதகு திறந்தால் தானாகவே உள்ளே பாயும். திறந்த ஒரு மதகு வழியே நொடிக்குப் பல இலட்சம் அயனிகள் போகலாம். உள்ளே வந்ததைத் திரும்ப மேலேற்றுவது வேறு புரதம். அது ஏற்றம் இறைப்பது போல. உயிரணுவுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் அகச்சவ்வுப் பையில் உள்ள 'செர்கா' இறைப்பான், ஒரு ஏடிபி (உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறு) செலவழித்து இரண்டு கால்சியத்தை ஏற்றுகிறது. மதகுக்கு அந்தச் செலவு இல்லை. புரதத்தின் நடுத்துளைக்கும் பெயர் தயார்: கண். மேட்டூரில் 16 கண் மதகு என்கிறோமே, அதே கண். திறந்து மூடும் பகுதி கதவு. 'அயனி வாய்க்கால்' என்று எழுதியவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது புதிதாக ஒரு சொல் தேடவேண்டியிருக்கிறது.

இனி, இந்த மதகுகள் வேலை செய்யும் ஓரிடம்: உயிரணு நகர்வு. 'புலம்பெயர்வு' மனிதருக்கு, 'வலசை' பறவைக்கு. உயிரணுவுக்கு 'நகர்வு' போதும். நகரும் உயிரணுவில் கால்சியம் சமமாக இருப்பதில்லை: பின்புறம் அதிகம், முன்புறம் குறைவு. பின்னால் உள்ள கால்சியம், கால்மோடுலின் என்ற புரதம் வழியாக, இழுக்கும் புரதமான மயோசினைச் சுருங்கவைக்கும். கால்பெயின் என்ற நொதியைத் தூண்டி உயிரணு தரையைப் பற்றியிருக்கும் ஒட்டுப்புள்ளிகளை வெட்டவும் செய்யும். வால் இழுபடுகிறது. அங்கேயே கேசிஏ3.1 என்ற பொட்டாசிய மதகும் கால்சியத்தால் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, குளோரைடும் நீரும் பின்தொடர, வால் சுருங்கிச் சிறுக்கிறது.

முன்விளிம்பில் நடப்பதுதான் சுவையானது. சராசரி குறைவாக இருந்தாலும் அங்கே கால்சியம் மின்மினிபோல் விட்டுவிட்டு ஒளிரும். மனித நுரையீரல் நார்முன்னணுக்களில் (ஃபைப்ரோபிளாஸ்ட்) 2009இல் வெளியான ஆய்வு இதற்கு டிஆர்பிஎம்7 என்ற மதகைக் காரணம் காட்டியது. சவ்வு இழுபட்டால் திறப்பது அது. எந்தப் பக்கம் மினுக்கல் கூடுகிறதோ அந்தப் பக்கம் உயிரணு திரும்புகிறது. அதாவது பின்புறத்தில் கால்சியம் இழுவிசை, முன்புறத்தில் சுக்கான். (முன்னே நீளும் உறுப்பைப் போலிக்கால் என்கிறோம், வாய்க்காலிலும் ஒரு 'கால்' இருப்பது தமிழின் குறும்பு.)

கால்சியத்தோடு சேர்ந்து ஒளிரும் சாயங்களைக் கொண்டு அதை அளக்கும்போது தவறுவது பெரும்பாலும் இந்த முன்-பின் வேறுபாட்டில்தான். ஃபுளுவோ-4 போன்ற ஒற்றை அலைநீளச் சாயம் தடித்த நடுப்பகுதியில் பிரகாசமாகவும் மெல்லிய விளிம்பில் மங்கலாகவும் தெரியும். அது கால்சியமல்ல, தடிமன். ஃபியூரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டரில் மாறிமாறித் தூண்டி விகிதம் எடுத்தால் தடிமன் அடிபட்டுப்போகும். உயிரணுக்களில் சாயம் ஏற்ற 1 முதல் 5 மைக்ரோமோலார், அறை வெப்பத்தில் 30 நிமிடம், கழுவியபின் இன்னொரு 30 நிமிடம் என்பது தொடங்க நல்ல அளவு. 37 பாகையில் ஊற்றினால் சாயம் நுண்ணுறுப்புகளுக்குள் புகுந்துகொள்ளும். கூடுதலாக ஊற்றினாலும் கேடு: சாயமே கால்சியத்தைப் பிடித்துவைத்து மினுக்கலை மழுக்கிவிடும்.

உயிரணு அடுக்கைப் பிப்பெட் முனையால் கீறி, இடைவெளி மூடுவதைப் பார்க்கும் சோதனையில் வேறொரு பொறி. உயிரணுக்கள் வளரும் ஊடகத்திலிருந்து, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ என்ற வேதிப்பொருள் கொண்டு கால்சியத்தை எடுத்துவிட்டு 'நகர்வு நின்றது, எனவே மதகு முக்கியம்' என்று எழுதிவிடுவார்கள். உயிரணுக்களைக் கோத்துவைக்கும் காட்ஹெரின் புரதத்துக்கும் வெளிக்கால்சியம் வேண்டும். பிணைப்பு குலைந்ததால் அடுக்கே சிதறியிருக்கலாம். சவ்வு இழுபட்டால் திறக்கும் மதகுகளை அடைக்கக் கடோலினியம் என்ற உலோகத்தின் உப்பைப் போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் உள்ள கரைசலில் அது வீழ்படிவாகிவிடும். அவை இல்லாத ஹெப்பஸ் கரைசலுக்கு மாறாமல் கடோலினியம் பயனில்லை என்று எழுதினால், மதகு திறந்தேதான் இருந்திருக்கும்; மருந்து தட்டின் அடியில் கிடந்திருக்கும்.