‘கேரவன் விடுமுறை’ என்றால் விடுமுறை யாருக்கு?

“கேரவன் விடுமுறைகள் உண்மையான விடுமுறைகளாகக் கருதப்படுமா?” பிரித்தானியச் செய்திகளைத் தமிழாக்கித் தருகிற தளங்களில் இந்தச் சாயலில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அங்கே கேரவன் என்பது காரின் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற பெட்டி வீடு. சொல் சொல்லாக எடுத்தால் எல்லாம் சரி. வாக்கியமாக எடுத்தால் ஒன்றும் விளங்காது. மட்டக்களப்பில் ‘கேரவன்’ என்று வாசிக்கிறவருக்கு முதலில் நினைவு வருவது தமிழகச் சினிமாச் செய்திதான்: நடிகர் கேரவனுக்குள் இருக்கிறார், வெளியே வரவில்லை. அந்த வண்டிக்கு யாரோ லீவு கொடுத்துவிட்டார்கள், அந்த லீவு செல்லுமா செல்லாதா என்று வழக்குப் பேசுவதுபோல இருக்கிறது மேலே உள்ள கேள்வி. இதில் கேரவன் ஒரு பிழை, விடுமுறை இன்னொரு பிழை. இரண்டாவதுதான் பெரிது. ஆனால் வண்டியை முதலில் ஓரமாக நிறுத்திவிட்டு வருவோம்.

பாரசீகத்தில் ‘கார்வான்’ என்பது பாலைவழியே கூட்டமாகப் போகும் வணிகரும் ஒட்டகங்களும் சுமைகளும் சேர்ந்த தொகுதி. துனீசியாவின் கைருவான் நகரப் பெயரும் அதுவே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், 17ஆம் நூற்றாண்டில் மூடு வண்டியைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் தன் முன்பாதியைக் கழித்துவிட்டு ‘வான்’ ஆனது. ஆக, கதிர்காமத்துக்கு நாம் பிடிக்கிற ஹயஸ் வானும் அந்த ஒட்டக வரிசையின் வால்தான். பழந்தமிழில் இந்த வணிகத் தொகுதிக்குச் சாத்து என்று பெயர். வடமொழிச் ‘சார்த்த’த்திலிருந்து வந்தது. கோவலனின் தகப்பன் மாசாத்துவான் பெயரில் இருப்பது அந்தச் சாத்துதான். பட்டுப்பாதை வரலாற்றைத் தமிழாக்கும்போது தாராளமாகச் சாத்து என்று எழுதலாம். காரின் பின்னால் இழுபட்டுப் போகும் ஒற்றைப் பெட்டிக்கு அது பொருந்தாது.

இப்போது பொருள்கள் இரண்டு, கேரவனும் கேம்பர்வானும், என்பதை மறக்கக்கூடாது. பிரித்தானிய வழக்கில் கேரவன் என்பது இயந்திரமே இல்லாத பெட்டி. காரின் பின்புறத்தில் 50 மில்லிமீற்றர் உருண்டைக் கொளுவியில் மாட்டி இழுப்பார்கள். கேம்பர்வான் தானே ஓடும். ஒரு வானின் உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கட்டியது. 1950இல் வந்த ஃபொக்ஸ்வாகன் வானில் அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அலுமாரியும் பொருத்தத் தொடங்கியதோடு இந்த வகை பெயர் பெற்றது. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே கூடைக்குள் போடுகிறார்கள். பிறகு “கேரவனை ஓட்டிச் சென்றார்” என்று எழுதுகிறார்கள். இயந்திரம் இல்லாத பெட்டியை எப்படி ஓட்டுவது?

தனித்தமிழ்ப் பக்கம் வந்தால் ‘மனையூர்தி’ என்றொரு ஆக்கம். கேட்க இனிமை, பொருளில் ஓட்டை. ஊர்தி என்பது ஊர்ந்து செல்ல உதவுவது, ஒருவர் ஏறிப் போவது. கேரவனிலோ, அது சாலையில் இழுபடும்போது உள்ளே ஆள் இருக்கவே கூடாது என்பது பிரித்தானியச் சட்டம். ஏறிப் போகத் தடையுள்ள ஒன்றுக்கு ஊர்தி என்று பேர் வைப்பது, நீச்சல் தெரியாதவனுக்குச் சுழியோடி என்று பட்டம் கொடுப்பது மாதிரி. ‘உறையூர்தி’ என்று எழுதினாலோ இன்னும் மோசம். வாசிக்கிற கண் ‘உறையூர்’ என்று பிரித்து, சோழர் தலைநகரில் போய் நின்றுவிடும். ஊர்தி, உந்து, ஈருருளி என்று அடுக்குகிற பழக்கத்தின் கோளாறு இதுதான். அகராதியில் இருந்து பகுதியையும் விகுதியையும் எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தப் பொருள் எப்படி நிற்கிறது, எப்படி ஓடுகிறது, யார் எங்கே உட்காருகிறார் என்று குனிந்து பார்ப்பதில்லை.

இதைவிட மோசமானது ‘முகாம் வண்டி’. கேம்ப் என்றால் முகாம், வான் என்றால் வண்டி, கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். முகாம் அரபுச் சொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அரபு, போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் எல்லாம் நம் வாயில் ஊறிக் கிடக்கின்றன. மாட்டுவண்டியைக் கரத்தை என்கிறோமே, அது போர்த்துக்கேயம். முகாமைத் தள்ளுவது அது இங்கே சேர்த்துக்கொண்ட பொருளுக்காக. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் முகாம் என்றால் இராணுவ முகாம், அகதி முகாம், 2004 கடற்கோளுக்குப் பிறகு இடைத்தங்கல் முகாம். தகரக் கூரையும் நிவாரண வரிசையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். “குடும்பத்தோடு முகாம் வண்டியில் பாசிக்குடாவுக்கு” என்று எழுதினால், கல்லடியில் இருக்கிற ஓர் ஆச்சி “யாரைக் கொண்டு போறாங்க?” என்றுதான் கேட்பா. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருந்துகொண்டு எழுதுகிறவரும் அதையே எழுதுவதுதான் பொறுக்கவில்லை. பாசறை என்று பழமைக்குள் ஓடினாலும் தப்ப முடியாது. அது போருக்குப் போன படை தங்கும் இடம்.

கைக்கெட்டிய தூரத்தில் ஒரு சொல் கிடக்கிறது: வாடி. கரைவலை இழுப்பவர் கடற்கரையில் போடுவது மீன்வாடி. போகம் தொடங்கினால் உழவர் போய்க் காவலிருப்பது வயல்வாடி. நிரந்தர வீடு அல்ல, வெறும் கூடாரமும் அல்ல. பாயும் பானையும் அடுப்பும் வைத்து, வேலை முடியும்வரை சீவிக்கிற இடம். பயணிகள் தங்கும் பழைய அரச விடுதிக்கும் வாடிவீடு என்றுதான் பெயர். இலங்கைத் தமிழர் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வேலி அடைத்த இடத்தைக் குறிக்கும் வடமொழி ‘வாடீ’யோடு இதற்கு உறவு உண்டு. சிங்களத்திலும் ‘வாடிய’ இருக்கிறது. படை தங்கும் பாடிவீட்டின் ‘பாடி’யோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் எதுவானாலும் சொல் இங்கே வேலை செய்கிறது, அது போதும். கேம்பர்வானுக்கு வாடிவண்டி, கேரவனுக்கு இழுவை வாடி என்று வைத்தால், இயந்திரம் உண்டா இல்லையா என்ற வேறுபாடும் பெயரிலேயே விழுந்துவிடும். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு ‘இழுவை’ புதிதல்ல. தமிழகத்தார் ‘வாடி’ என்பதை ஒரு பெண்ணைக் கூப்பிடுவதாக எடுத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இரண்டு முறை வாசித்தால் பழகிவிடும்.

வண்டிக்குள் வாழ்கிற வழக்கம் தமிழுக்குப் புதிது என்று யாரும் சொல்லவேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி வருகிறது. புல் வேய்ந்த கூரை. யானைக்குக் காவலிருப்போர் குடிலைப்போல வண்டியின் வாயிலில் ஒரு கூடு, அதில் கோழி அடைகிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடிப் பானையைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். யானைக் காவல் பரணை அம்பாறை வயல்களில் இன்றும் பார்க்கலாம் என்பதால் அந்த உவமை இங்கே உரையில்லாமலே விளங்கும். சமையற்கட்டும் சேமிப்பும் சக்கரத்தின் மேல் இருக்கின்றன. ஆனால் உமணர் போனது உப்பு விற்க. அதை விடுமுறை என்று சொல்லப் புலவருக்குத் தோன்றவில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வரலாம். ஆங்கில ‘ஹொலிடே’ முதலில் புனித நாள், நம் நாட்டுப் பௌத்தரின் போயா லீவு போல. (1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனி ஞாயிறுக்குப் பதிலாகப் போயாவே வார விடுமுறையாக இருந்தது. சொல்லின் மூலப்பொருளை அரசாங்கமே நடத்திக் காட்டிய காலம் அது.) புனித நாளில் வேலை இல்லை, ஆகவே வேலையில்லாத நாள். வேலையில்லாத நாளில் வெளியூர் போவார்கள், ஆகவே வெளியூர்ப் பயணம். பயணத்தில் களைப்பாறுவார்கள், ஆகவே ஓய்வு. நேரம், பயணம், இளைப்பாறல் மூன்றையும் பிரித்தானிய ஆங்கிலம் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டது. தமிழ் அப்படிப் போடவில்லை. விடுமுறை நேரம் மட்டும்: வேலையிலிருந்து விடுபட்ட நாள். பயணத்துக்குச் சுற்றுலா, உலா, யாத்திரை, வாய்ப்பேச்சில் ட்ரிப். இளைப்பாறலுக்கு ஓய்வு. “லீவுக்குப் பாசிக்குடா போனம்” என்கிறோம். அந்த ‘-க்கு’ தான் நேரத்தையும் பயணத்தையும் பிரித்து நிறுத்துகிற வேலி. “ஒரு லீவு போனம்” என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘விடுமுறைகள்’ என்று பன்மை போட்டுப் பயணங்களைக் குறிப்பதும் அதே பிழைதான்.

அதனால்தான் அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் சூடான விவாதமாகவும் தமிழில் வெறும் புகையாகவும் இருக்கிறது. ஆங்கிலக்காரர் கேட்பது: இழுவை வாடியில் போய்வந்தால் நேரமும் பயணமும் இருக்கின்றன, ஓய்வு இருக்கிறதா? அது நியாயமான கேள்வி. வாடியோடு தரிப்பிடத்தில் போய் இறங்கியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காரிலிருந்து கழற்றுமுன் சக்கரத்தின் கீழ் சாய்பலகை வைத்து இடம் வலம் மட்டம் பார்க்க வேண்டும். கைத்தடையை இழுத்துச் சக்கரத்துக்கு ஆப்பு வைத்துக் கழற்றியபின், முன் சில்லை உயர்த்தித் தாழ்த்தி முன்பின் மட்டம். அதற்குப் பிறகுதான் நான்கு மூலைக் கால்கள். அவை ஆடாமல் நிறுத்த மட்டும். அவற்றால் பெட்டியை உயர்த்தப் போனால் அடிச்சட்டம் வளையும். மட்டம் தவறினால் காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி குளிராது, உள்ளே சுற்றும் திரவம் தேங்கிவிடும். 40 லீட்டர் பீப்பாயை உருட்டிப் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவுநீரை இன்னொரு பீப்பாயில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இரசாயனக் கழிப்பறையின் பெட்டி 18 லீட்டர் அளவு. இருவர் இருந்தாலே சில நாளில் நிரம்பும், கையால் தூக்கிப் போய்க் கொட்டவேண்டும். தரிப்பிடத்து மின்சாரம் 230 வோல்ட்டில் 16 அம்பியர் என்றால், 2 கிலோவாட் கேத்தலும் 2 கிலோவாட் சூடாக்கியும் சேர்ந்து 17 அம்பியரைத் தாண்டும். ட்ரிப் போன இடத்தில் ட்ரிப் சுவிட்ச் விழக்கூடும். திரும்பும்போது சாமான்களைப் பின்பக்கம் அடுக்கினாலோ இன்னும் ஆபத்து. கொளுவியின் மேல் மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் அழுத்தவேண்டும். குறைந்தால் பெட்டி பாம்புபோல நெளிந்து காரையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்பப் பயணத்துக்கென்று கட்டப்பட்ட முதல் கேரவனாகச் சொல்லப்படுவது 1885இல் பிரிஸ்டலில் செய்யப்பட்ட ‘வாண்டரர்’, இரண்டு குதிரை இழுத்தது. அதன் உரிமையாளரான கடற்படை வைத்தியர் கோர்டன் ஸ்டேபிள்ஸிடம் ஒரு வண்டிக்காரரும், முச்சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழி பார்க்க ஒரு பணியாளரும் இருந்தனர். அவருக்கு அது ஓய்வு. அந்த இருவருக்கும் அது வேலை நாள்.

தமிழில் இதை எழுத வேண்டுமானால் “இழுவை வாடியில் போய்வருவது ஓய்வாகுமா?” என்று எழுதுங்கள். சொற்கள் மாறின, கேள்வி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. “கேம்பர்வான் விடுமுறை விலைகள்” என்பதை “வாடிவண்டிப் பயணக் கட்டணம்” ஆக்கலாம். “எங்கள் விடுமுறையை அனுபவித்தோம்” என்பதற்கு “போய் நல்லா இருந்து வந்தம்” போதும். உண்மையில் நேரத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டும் விடுமுறையை விடுங்கள்: பாடசாலை விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை. லீவுப் படிவத்திலும் திகதிக்குத்தான் கட்டம் இருக்கிறது, எந்த வண்டிக்குள் படுத்தீர்கள் என்று அது கேட்பதில்லை.

இங்கே வான் பிடித்து, அரிசி, கறிச்சாமான், பெரிய சட்டி, பாய் எல்லாம் ஏற்றி, வழியில் மரநிழலில் சமைத்துக் கதிர்காமம் போகிற குடும்பம், வாடிவண்டிப் பயணத்தின் முக்கால்வாசியைச் செய்துவிடுகிறது. உகந்தையிலிருந்து குமண, யால காடுகளை ஊடறுத்துக் கால்நடையாகப் போகிறவர் அதைவிட அதிகம் சுமக்கிறார். இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. ஒன்று பயணம், மற்றது பாதயாத்திரை. இவற்றை மொழிபெயர்த்து ‘மத விடுமுறை’ என்று எழுதுகிற நாளும் வரக்கூடும். பொத்துவிலிலும் அறுகம்பையிலும் வெளிநாட்டார் வாடிவண்டிகளோடு வந்து நின்றால் பலகை எழுதவேண்டி வரும். அப்போது தயவுசெய்து ‘முகாம் வாகன விடுமுறைத் தரிப்பிடம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘வாடிவண்டி நிறுத்துமிடம்’ என்று எழுதினால் அரைவாசிப் பலகை மிச்சம். அதில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், கழிவு எங்கே கொட்டுவது என்று எழுதலாம்.