மாஸ்ட்டைப் பார்க்கும் முன் டெக்கைப் பாருங்கள்

பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் ரிக்கிங்கை, அதாவது மாஸ்ட் என்ற பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளையும் இணைப்புகளையும், சோதிக்கக் கூப்பிட்டால், நான் நேராக அதன் உச்சிக்கு ஏறுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நானோ முதலில் டெக்கில், படகின் மேல்தளத்தில், குந்திவிடுவேன். வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான்.

மாஸ்ட்டை முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரு பக்கமும் ஷ்ரவுடு என்று கம்பிகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. மாஸ்ட்டிலிருந்து குறுக்கே நீளும் ஸ்பிரெடர், ஷ்ரவுடை வெளியே தள்ளிக் கோணத்தை அகலமாக்குகிறது. கம்பியின் கீழ்முனையை ஸ்வேஜ் என்ற உலோகக் குழாய்க்குள் அழுத்திப் பிடித்திருப்பார்கள். அதற்கும் கீழே முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள், ஒரு பின், அது நழுவாமலிருக்க ஸ்பிலிட் பின், கடைசியில் படகோடு போல்ட் போட்ட செயின்பிளேட். டீக்காசு பெறாத அந்த ஸ்பிலிட் பின் கழன்றாலும் மாஸ்ட் சாயலாம்.

“ஸ்டெயின்லெஸ்தானே அண்ணே, அது எப்படித் துருப்பிடிக்கும்?” என்று புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒருவர் கேட்டார். பிடிக்கும். அந்த உலோகத்தைக் காப்பது மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். மேல்முனை ஸ்வேஜின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும். கீழ்முனையோ கிண்ணம் மாதிரி உப்புத்தண்ணீரை ஏந்திக்கொண்டு, ஆக்சிஜன் எட்டாமல் உள்ளேயே அரிபடும். அவர் படகில் டர்ன்பக்கிள் முழுக்க டேப் வேறு. பிரித்தால் பின்னைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர், ஸ்வேஜில் நெடுக்காக ஒரு மயிரிழை விரிசல். ஸ்பிலிட் பின்னின் முனை பாயைக் கிழிக்காமலிருக்க ஒரு சுற்று டேப் போதும், சாமி!

நம் கரையில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். தை பிறந்தபின் கம்பியில் படியும் உப்பைக் கழுவ வானம் வராது. நல்ல தண்ணீர்க் குழாயை நாம்தான் பிடிக்க வேண்டும். காய்ந்ததும் கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கம்பியோடு தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே ஒரு இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு இழை போனாலும் அந்தக் கம்பி மாற்ற வேண்டியதே. அதே வயதுள்ள மற்றவற்றையும் நம்ப வேண்டாம். பத்து வருடம் தாண்டிய கம்பி, பார்க்கப் பளபளத்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல். இரண்டும் புதுச்சேரி, கடலூர்க் கரையைப் பதம் பார்த்தவை. புயல் எச்சரிக்கை வந்தால், முடிந்தால் மாஸ்ட்டை இறக்கிவிடுங்கள். பாய் இல்லாத மாஸ்ட்டும் காற்றில் அதிர்ந்து அதிர்ந்து பின்களைத் தளர்த்தும்.

சரி, ஓட்டத்தில் கம்பி அறுந்தால்? காற்று வரும் பக்கத்து ஷ்ரவுடு போனால், உடனே படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்குங்கள். பாரம் நல்ல ஷ்ரவுடுக்கு மாறிவிடும். ஃபோர்ஸ்டே போனால் காற்றோடு ஓடவிடுங்கள், பேக்ஸ்டே போனால் காற்றை எதிர்த்துத் திருப்பி மெயின் பாயை இழுத்து இறுக்குங்கள். அப்புறம், பாய் ஏற்றும் ஹேலியார்டு கயிறுகளில் ஒன்று உதிரியாக இருந்தால் அதை அறுந்த பக்கத்துச் செயின்பிளேட்டில் கட்டி இறுக்கி, மோட்டாரில் மெதுவாகக் கரைக்கு வரலாம்.