பைபாஸா, ஸ்டென்டா? ஒப்பிடும் கணக்கு சறுக்கும் இடங்கள்

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்த 100 பேரில் 10 பேர் இறந்தார்கள். பைபாஸ் (அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் அறுவை) செய்துகொண்ட 100 பேரில் 17 பேர் இறந்தார்கள். இதை மட்டும் பார்த்தால் பைபாஸ்தான் ஆபத்து என்று தோன்றும். அதே 200 பேரை நோயின் கடுமையை வைத்துப் பிரித்துப் பாருங்கள் (எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை). ஸ்டென்ட் பக்கம் 80 பேருக்கு லேசான நோய், அதில் 4 பேர் இறந்தார்கள். 20 பேருக்குக் கடுமையான நோய், அதில் 6 பேர். பைபாஸ் பக்கம் லேசானவர்கள் 20 பேரில் 1, கடுமையானவர்கள் 80 பேரில் 16. லேசான நோயில் இரண்டுக்கும் 5%. கடுமையான நோயில் ஸ்டென்டுக்கு 30%, பைபாஸுக்கு 20%. மொத்தக் கணக்கில் தோற்றுப்போன பைபாஸ் எந்தப் பிரிவிலும் தோற்கவில்லை. கடுமையான நோயாளிகளை அதன் பக்கம் அனுப்பியதுதான் அதன் 'குற்றம்'.

யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அன்றாட மருத்துவப் பதிவுகளில் அதைத் தீர்மானிப்பது மருத்துவரின் கண். அந்தக் கண் எதையெல்லாம் பார்த்தது என்பதைக் கணக்குக்குள் கொண்டுவர 1983-இல் ரோசன்பாம், ரூபின் இருவரும் முன்வைத்த வழிதான் ப்ரொபென்சிட்டி ஸ்கோர். வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன், அடைபட்ட குழாய்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து, 'இவருக்கு பைபாஸ் கிடைத்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு' என்று ஒவ்வொருவருக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் கணிக்கிறோம். பிறகு அந்த எண் நெருங்கிவரும் இருவரை, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக, ஜோடி சேர்க்கிறோம்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. சிகிச்சைக்குப் பிறகு வந்த தகவலை, உதாரணமாக வென்டிலேட்டரில் இருந்த நாட்களை, கணிப்பில் சேர்த்துவிடுவது. அது சிகிச்சையின் விளைவு, அதைச் சமன்செய்தால் தேடும் வேறுபாடே அழிந்துபோகும். ஜோடி சேர்த்தபின் இரு குழுக்களும் ஒத்திருக்கின்றனவா என்பதை p மதிப்பால் (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும் எண்) சோதிப்பது. ஆட்கள் குறைந்தாலே p பெரிதாகிவிடும், எனவே சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்து அது 0.1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதே வழக்கம். மூன்றாவது, ஜோடி கிடைக்காமல் உதிர்ந்தவர்களை மறந்துவிட்டு முடிவை எல்லோருக்கும் நீட்டிப்பது.

காத்திருப்புக் காலம் இன்னொரு பள்ளம். இதய மாற்று அறுவை சிகிச்சையின் தொடக்க ஆண்டுகளில், மாற்று இதயம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாகக் கணக்குகள் வந்தன. 1972-இல் மிட்செல் கெயில் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார்: இதயம் கிடைக்கும்வரை உயிரோடு இருந்தவருக்குத்தான் மாற்று நடக்கும், காத்திருக்கும்போதே இறந்தவர் தானாகவே 'பெறாதவர்' பட்டியலில் விழுந்துவிடுவார். பைபாஸுக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களின் பதிவுகளிலும் இதே கோளாறு புகும். அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணாமல், எந்தச் சிகிச்சை என்று முடிவெடுத்த நாளிலிருந்து எண்ணுவதுதான் நேர்மையான தொடக்கம்.

செலவுக்கு வருவோம். சிக்கல் செறிந்த பகுதி இதுதான். பில்லில் இருக்கும் தொகை செலவு அல்ல; அது விலை. ஸ்டென்ட் எத்தனை, ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை நிமிடம், ஐசியூவில் எத்தனை நாள் என்று எண்ணி, ஒவ்வொன்றையும் அதன் உண்மையான அடக்கவிலையால் பெருக்கினால்தான் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட முடியும்.

அடுத்து, பரவல். பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புவார்கள். ஓரிருவருக்குத் தொற்று ஏறி வாரக்கணக்கில் ஐசியூவில் கிடப்பார்கள். ஒன்பது பேருக்குத் தலா 2 அலகு, பத்தாவது ஆளுக்கு 22 அலகு செலவானதாக வைத்துக்கொள்வோம். சராசரி 4, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 2. புள்ளியியல் பாடத்தில் 'கோணலான தரவுக்கு இடைநிலையே நல்லது' என்று படித்தவர் இங்கே தடுக்கி விழுவார். பணம் கட்டுபவர் கட்டவேண்டியது 40 அலகு. சராசரியைப் பத்தால் பெருக்கினால் 40 வரும். இடைநிலையைப் பெருக்கினால் 20தான் வரும். மீதி 20-ஐ யார் தருவது? செலவு ஒப்பீட்டில் சராசரியை விட்டுக்கொடுக்கவே முடியாது.

கோணலை நிமிர்த்த மடக்கை (லாகரிதம்) எடுப்பதும் பழைய பழக்கம். மேலே சொன்ன பத்துப் பேரின் செலவுக்கு மடக்கை எடுத்து, சராசரி கண்டு, திரும்ப மாற்றினால் 2.54 வருகிறது, 4 வருவதில்லை. இதைச் சரிசெய்ய 1983-இல் டுவான் ஒரு திருத்தக் காரணியைத் தந்தார். ஆனால் பைபாஸ் குழுவில் செலவின் ஏற்ற இறக்கம் ஒரு மாதிரியும் ஸ்டென்ட் குழுவில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே காரணியைப் போடுவது தவறான விடை தரும். மடக்கைக்கே போகாமல், காமா பரவலை (ஒரு பக்கம் வால் நீண்ட கோணலான வடிவம்) வைத்துச் சராசரியையே நேரடியாகக் கணிக்கும் மாதிரிகளைப் பலரும் விரும்புவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூசும் உண்மை: ஆபரேஷன் மேசையிலேயே இறந்தவருக்குச் செலவு குறைவு. சீக்கிரம் இறப்பவர்கள் அதிகமுள்ள குழு மலிவாகத் தெரியும். செலவைத் தனி அட்டவணையிலும் பலனைத் தனி அட்டவணையிலும் போட்டுவிட்டால் இது கண்ணில் படவே படாது.

ஐந்தாண்டு ஆய்வில் சிலரின் தகவல் இரண்டாம் ஆண்டோடு அறுந்துபோகும். கிடைத்தவரை கூட்டினால் செலவு குறைத்துக் காட்டப்படும். முழுத் தகவல் உள்ளவர்களை மட்டும் எடுத்தால், சீக்கிரம் இறந்தவர்களுக்கு மிகை இடம் கிடைக்கும். அவர்கள் கணக்குத்தான் எப்போதும் முழுமையாக முடிந்திருக்கும். தகவல் பாதியில் அறுந்தவர்களையும் சேர்த்து உயிர்வாழும் வாய்ப்பைக் கணிக்கும் கேப்லன்–மெயர் முறையில் காலத்துக்குப் பதில் பணத்தை வைப்பதும் செல்லாது: வேகமாகச் செலவழிப்பவர், தகவல் அறுந்த நாளில் ஏற்கெனவே பெரிய தொகையில் நிற்பார்; அறுந்தவர்களும் மற்றவர்களைப் போன்றவர்களே என்ற அந்த முறையின் அனுமானம் உடைந்துபோகும். 1997-இல் லின் குழுவினர் தந்த வழி எளிமையானது. காலத்தை மாதங்களாக நறுக்கு, ஒவ்வொரு மாதமும் உயிரோடு கண்காணிப்பில் இருப்பவர்களின் சராசரிச் செலவை எடு, அந்த மாதத் தொடக்கம்வரை உயிரோடிருக்கும் வாய்ப்பால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு.

பலனை அளப்பதும் லேசில்லை. 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளில் ஐந்தாண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது ஸ்டென்டில் 26.6%, பைபாஸில் 18.7%. ஆனால் பக்கவாதத்தை மட்டும் பார்த்தால் ஸ்டென்டில் 2.4%, பைபாஸில் 5.2%. ஒரே தொகுப்புக்குள் எதிரெதிர் திசைகள். இவற்றை ஒரே அளவுகோலில் கொண்டுவரத்தான் 'தரம் சேர்த்த வாழ்நாள் ஆண்டு'. முழு ஆரோக்கியத்துக்கு 1, இறப்புக்கு 0, 0.7 தரத்தில் வாழ்ந்த இரண்டு ஆண்டு என்பது 1.4. நெஞ்செலும்பு ஆறும் முதல் வாரங்களில் பைபாஸ் பின்தங்கி, பிறகே மேலேறும் என்பதால், ஒரு மாதத்தில் கணக்கை முடிப்பவருக்கும் பத்தாண்டில் முடிப்பவருக்கும் வெவ்வேறு 'வெற்றியாளர்' கிடைப்பார்கள். தொடக்கத்திலேயே ஒரு குழுவின் தரம் 0.03 கூடுதலாக இருந்து அப்படியே தொடர்ந்தால், ஐந்தாண்டில் சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத 0.15 ஆண்டு லாபம் முளைத்துவிடும். அதைக் கழிக்க வேண்டும்.

கடைசியில் கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுக்கிறார்கள். 30,000 அலகு கூடுதல் செலவில் 0.3 ஆண்டு கிடைத்தால், ஓர் ஆண்டுக்கு 1,00,000. பார்க்க அழகான எண், ஆனால் குணம் கெட்டது. −50,000 என்று வந்தால், மலிவாகவும் நல்லதாகவும் இருக்கிறதா, செலவும் கூடி பலனும் குறைந்ததா என்று தெரியாது. பலன் வித்தியாசம் 0-ஐ நெருங்கினால் விகிதம் எங்கோ பறந்துவிடும். எனவே வகுக்காமல் கழிப்பது மேல்: ஓர் ஆண்டுக்கு எவ்வளவு தரத் தயார் என்ற தொகையைக் கூடுதல் பலனால் பெருக்கி, கூடுதல் செலவைக் கழிக்கிறோம். 1,20,000 தரத் தயார் என்றால் 36,000 − 30,000 = 6,000; நிகர லாபம்.

அந்த 6,000-ஐ எவ்வளவு நம்பலாம்? 1979-இல் எஃப்ரன் தந்த பூட்ஸ்ட்ராப் இங்கே கைகொடுக்கிறது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் அதே எண்ணிக்கையில், எடுத்தவரைத் திரும்பப் போட்டபடி, நோயாளிகளைக் குலுக்கி எடுத்து நிகர லாபத்தைக் கணக்கிட வேண்டும். இப்படி ஆயிரம், இரண்டாயிரம் முறை. அதில் எத்தனை முறை லாபம் 0-க்கு மேல் வந்தது என்பதே விடை. ஒருவரின் செலவையும் அவர் வாழ்நாளையும் பிரிக்காமல் சேர்த்தே எடுக்க வேண்டும். பிரித்தால், மேசையில் இறந்தவரின் மலிவுச் செலவு பத்தாண்டு வாழ்ந்தவரின் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ஜோடி சேர்த்த தரவு என்றால் ஜோடியாகவே எடுக்க வேண்டும்.

இத்தனை செய்தும், பதிவேட்டில் ஏறாத ஒன்று, முதியவரின் உடல் தளர்ச்சி போல, மிச்சமிருக்கலாம். அதைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: சிகிச்சை தொடவே முடியாத ஒரு விளைவை, உதாரணமாக முதல் ஆறு மாதத்தில் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பை, ஜோடி சேர்த்த இரு குழுக்களிலும் எண்ணிப் பார்ப்பது. தற்செயலுக்கு மேல் அங்கும் வித்தியாசம் தெரிந்தால் ஜோடி சரியாகச் சேரவில்லை; மேலே போட்ட கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.