கட்டைக் குரலுக்கு சைலன்சரில் எதை மாற்ற வேண்டும்?

ஒஹையோவில் நான் இருக்கும் தெருவில் எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் ஹார்லி டேவிட்சன் ட்ரை கிளைட் வைத்திருக்கிறார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் 1868 சிசி எஞ்சின்; இப்படி மூன்று சக்கரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ட்ரைக் என்று பெயர். வாழ்நாள் முழுக்க இரு சக்கர வண்டி ஓட்டியவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் சிக்னலில் காலை ஊன்றி வண்டியைத் தாங்க முடியாமல் போனதால் இதற்கு மாறினார். வண்டியில் அவருக்கு எல்லாமே பிடித்திருந்தது, சத்தத்தைத் தவிர. பழைய வண்டியின் கட்டைக் குரல் இதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு சனிக்கிழமை காலை இரண்டு சைலன்சர்களையும் கழற்றி, பின்முனையை கிரைண்டரால் அறுத்து, உள்ளே இருந்த தகடுகளை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினார்.

ஸ்டார்ட் செய்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. சத்தம் ஏறியிருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வந்தது தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டுவது போன்ற வறட்டுச் சத்தம். அவர் முகம் வாடிப்போனது. நம்மூரில் புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றுகிற பலரும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சைலன்சர் எந்தச் சத்தத்தையும் உண்டாக்குவதில்லை. சத்தம் பிறப்பது எஞ்சினில். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்த பிறகும் அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த நேரம் பார்த்து எக்ஸாஸ்ட் வால்வு திறந்தால், அடைபட்டிருந்த வாயு ஒரே உதையில் குழாய்க்குள் பாய்கிறது. அந்த உதைதான் ஒரு 'டப்'. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை இப்படி உதைக்கும். ஆக, நொடிக்கு எத்தனை உதை என்பது எஞ்சின் வேகத்தையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் மட்டுமே பொறுத்தது. திருவொற்றியூரில் வளர்ந்த ஒற்றை சிலிண்டர் புல்லட் 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) நொடிக்கு எட்டுத் தடவை சொச்சம் உதைக்கிறது. நம் காது 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே சுருதியாகக் கேட்காது, அதனால்தான் புல்லட்டின் ஐடிலிங் நமக்கு டப், டப், டப் என்று தனித்தனியாக விழுகிறது. ஆறு சிலிண்டர் ஹோண்டா கோல்ட் விங்கை எடுத்துக்கொண்டால் (ட்ரைக்காக மாற்றுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த வண்டி அது) 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150 உதைகள். அதை எந்த சைலன்சரை மாட்டியும் புல்லட் மாதிரிப் பேச வைக்க முடியாது.

ஹார்லியின் கதை இன்னும் சுவாரசியமானது. இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில், இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில், அதாவது எஞ்சின் சுழல்தண்டின் ஒரே முளையில். இந்த அமைப்பால் உதைகள் சம இடைவெளியில் வராது: ஒன்றுக்கு அடுத்தது தண்டு 315 டிகிரி சுழன்றதும், அதற்கு அடுத்தது 405 டிகிரி சுழன்றதும். 850 ஆர்பிஎம் ஐடிலிங்கில் கணக்குப் போட்டால் ஒரு இடைவெளி 62 மில்லிநொடி, மறு இடைவெளி 79 மில்லிநொடி. நொண்டி நொண்டி நடப்பது போன்ற அந்தத் தாளம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த ஒலியையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய ஹார்லி நிறுவனம் 1994-ல் விண்ணப்பித்தது; மற்ற கம்பெனிகளின் எதிர்ப்பால் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2000-ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, உதைகளின் எண்ணிக்கையை மாற்ற முடியாது என்றால் குரலை எப்படித்தான் கட்டையாக்குவது?

ஒவ்வொரு உதையும் ஒரே ஒரு அலைவரிசையில் வருவதில்லை. 2400 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 20 தடவை உதைக்கிறது என்றால், கூடவே 40, 60, 80, 100 என்று அதன் மடங்குகள் எல்லாம் வரிசையாக, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரைக்கும் சேர்ந்தே வருகின்றன. உதை எவ்வளவு சுருக்கென்று இருக்கிறதோ அவ்வளவு மேல் மடங்குகள். ஆணியில் சுத்தியலால் அடிப்பதற்கும் தலையணையில் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நம் காது வேறு 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மையாகக் கேட்கும், 50 ஹெர்ட்ஸ் பக்கம் ரொம்ப மந்தம். ஆகவே மேலே கொஞ்சம் மீதமிருந்தாலும் கீழே இருப்பதை எல்லாம் அது மூடிவிடும். மேலே இருப்பதை வடிகட்டி எடுத்துவிட்டால், கீழே ஏற்கெனவே இருந்தது தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும். இன்னொரு அதிசயமும் உண்டு: 60, 80, 100 என்ற மடங்குகள் மட்டும் காதில் விழுந்தாலே, அவற்றுக்கு இடையே இருக்கும் 20 என்ற இடைவெளியை வைத்து மூளை அடியில் இருக்கும் சுருதியைத் தானே ஊகித்துக்கொள்கிறது. நெஞ்சில் அதிர்கிற அந்த ஆழத்தில் ஒரு பங்கு நம் மூளை கட்டியது.

எதிர்வீட்டுக்காரர் அன்று செய்தது இதற்கு நேர்மாறு. மேல் அலைகளைத் தடுத்துக்கொண்டிருந்த தகடுகளைத்தான் அவர் அறுத்து எடுத்தார்.

ஒலியை அடக்க சைலன்சருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அலையை அலையாலேயே மடக்குவது. குழாய் திடீரென்று ஒரு பெரிய அறையாக விரியும், மறுபடி சுருங்கும். அந்த எல்லைகளில் எல்லாம் அலையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதி அழியும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கழுத்தோடு மூடிய அறை ஒன்றை வைத்தால், அதற்கென்று உரிய ஒரு அலைவரிசையை மட்டும் அது விழுங்கும். நம் கடம் இதே வகைதான். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்து அணைக்கும்போதும் விலக்கும்போதும் அடி ஒலி குழைந்து மாறுகிறதே, வாயின் அளவு மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் சுருதி மாறும் என்பதால்தான். வாயின் அளவையும் வயிற்றின் கொள்ளளவையும் வைத்து இதைக் கணக்குப் போடும் வழியைக் காட்டியவர் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

இரண்டாவது வழி, பஞ்சு. ஓட்டை போட்ட குழாய் ஒன்று நேராகப் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்து வெளியே ஒரு உறை போட்டிருப்பார்கள். ஓட்டைகள் வழியாகப் பஞ்சுக்குள் நுழையும் அலை இழைகளோடு உரசி வெப்பமாகிறது. இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது: நாலு விரல் கனப் பஞ்சு 2000 ஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே தின்றுவிடும், ஆனால் பல மீட்டர் நீளமுள்ள 60 ஹெர்ட்ஸ் அலையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே இருப்பது போகும், கீழே இருப்பது தப்பிக்கும். கட்டைக் குரல் கேட்பவர்களுக்கு இயற்கை தானாகவே கொடுத்த வடிகட்டி என்று இதைச் சொல்வேன். பஞ்சு சைலன்சரில் நீளமும் விட்டமும் கூடக் கூட வடிகட்டல் நன்றாகும். பார்க்கத் தடாலடியாக இருக்கும் குட்டை சைலன்சர்கள் பெரும்பாலும் கரகரவென்று கத்துவது பஞ்சுக்கு அதில் இடமில்லாததால்தான்.

குழாயின் நீளத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திமிரி நாதஸ்வரம் குட்டை, அதன் சுருதி உச்சம். பாரி நாதஸ்வரம் நீளம், சுருதி தணிவு. எக்ஸாஸ்ட் குழாயும் தன் நீளத்துக்கு ஏற்ற அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கும். சூடான வாயுவில் ஒலி வேகமாக ஓடும், சாதாரணக் காற்றில் நொடிக்கு 343 மீட்டர் என்றால் இங்கே சுமார் 500. ஒரு முனை மூடியது, மறு முனை திறந்தது என்று எடுத்துக்கொண்டால், 1 மீட்டர் குழாய் 125 ஹெர்ட்ஸைத் தூக்கும், 1.8 மீட்டர் குழாய் 70 ஹெர்ட்ஸ் அளவைத் தூக்கும். உள்ளபடி வால்வு திறந்து மூடுவதாலும் சூடு இடத்துக்கு இடம் மாறுவதாலும் எண்கள் கொஞ்சம் நகரும், போக்கு இதுதான்.

இந்த இடத்தில் ட்ரைக்குக்கு என்று தனிச் சிக்கல் வருகிறது. இரு சக்கர வண்டியில் சைலன்சர் பின்சக்கரத்தின் பக்கத்தில் தாராளமாக நீண்டு போகும். ட்ரைக்கில் அதே இடத்தில் அச்சும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் குறுக்கே நிற்கின்றன, மேலே சாமான் பெட்டி, இரண்டு பக்கமும் அகலமான டயர்கள். குழாய் அடியில் நுழைந்து வளைந்துதான் வெளியே வர வேண்டும், தரையோடு உரசவும் கூடாது. அதனால் சாதாரண வண்டிக்கு வாங்கிய சைலன்சரை அப்படியே மாட்ட முடிவதில்லை, ட்ரைக்குக்கென்றே செய்ததைத் தேட வேண்டும்.

இன்னொன்று, எனக்கே இதைப் புரிந்துகொள்ள நாளானது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர்; பத்து சென்டிமீட்டர் வாயிலிருந்து வெளியே வந்ததும் அது எல்லாத் திசையிலும் பரவிவிடும். 3000 ஹெர்ட்ஸ் அலையோ 11 சென்டிமீட்டர்தான், டார்ச் வெளிச்சம் மாதிரி வாய் நோக்கிய பக்கம் கூடுதலாகப் பாயும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டைக் குரல் கேட்கும், பின்னால் காரில் வருபவர் காதில் ஈட்டி பாயும். எனவே சீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். வேறு யாரையாவது உட்கார வைத்து, பத்தடி பின்னால் போய் நின்று கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது. அமெரிக்காவில் சாலை மோட்டார் சைக்கிளுக்கு 1986 முதல் 80 டெசிபல் வரம்பு, புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் வினையூக்கியைக் கழற்றுவதும் குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. பிடிபட்ட புல்லட் சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதில் கட்டைக் குரலுக்குச் சாதகமான செய்தி ஒன்று: அளக்கும் கருவி நம் காதைப் போலவே அடி ஒலிகளுக்குத் தள்ளுபடி தருகிறது, 50 ஹெர்ட்ஸுக்கு 30 டெசிபல், 100 ஹெர்ட்ஸுக்கு 19 டெசிபல். ஆழமாகப் பேசும் வண்டி வரம்புக்குள் நிற்பது கத்தும் வண்டி நிற்பதைவிட எளிது.

பெரியவர் வண்டிக்கு வருகிறேன். வெட்டிய சைலன்சர்களோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது: ஆக்சிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடித்தது. கழற்றி மாட்டிய இணைப்பில் கசிவு, அது வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோலைச் சூடான குழாயிலேயே கொளுத்துகிறது. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, வினையூக்கி இருக்கும் முன்குழாயைத் தொடாமல், ட்ரைக்குக்கென்று செய்த, வரம்புக்குள் இருப்பதற்கான முத்திரை குத்திய, பருமனான பஞ்சு சைலன்சர் ஜோடி ஒன்றை வாங்கி வந்தார். நானும் கூடமாட நின்று பிடித்தேன். புதுக் குழாயின் ஓட்டைகள் வழியே வெள்ளைப் பஞ்சு பளிச்சென்று தெரிந்தது. கிளாம்புகளை இறுக்கி, இணைப்புகளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவர் ஸ்டார்ட் செய்தார். முன்பைவிடச் சத்தம் குறைவு. ஆனால் கராஜின் இரும்புக் கதவு மெல்ல அதிர்ந்தது, என் நெஞ்சுக்குள் ஏதோ உருண்டது. அவர் ஒன்றும் பேசாமல் ஐந்து நிமிஷம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சு நிரந்தரம் கிடையாது. சூட்டிலும் வாயுவின் வேகத்திலும் இழைகள் நொறுங்கி ஓட்டை வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். குரல் மெலிந்து, கரகரப்பு தலைகாட்டும். அப்போது ரிவெட்டுகளை எடுத்து உறையைக் கழற்றி, கையுறை மாட்டிக்கொண்டு, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, கருகின பஞ்சை உருவிவிட்டுப் புதுசைச் சுற்ற வேண்டும். இறுக்கித் திணித்துவிடாதீர்கள், இழைகளுக்கு நடுவில் காற்று இருந்தால்தான் அது வேலை செய்யும்.