இருவர் பாதத்தையும் பாருங்கள்

தை பிறந்துவிட்டால் சேலத்தில் எங்கள் சர்க்கரை நோய் கிளினிக்கில் ஒரே கேள்விதான்: “டாக்டருங்க, பழனிக்கு நடக்கலாமுங்களா?” சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் என்று 170 கிலோமீட்டருக்கு மேல். எடப்பாடிக்காரர்கள் காவடி சுமந்துபோய் மலைமேலேயே ஓர் இரவு தங்கிவரும் மாவட்டம் இது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கணவன் மனைவியாகப் போகிறவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒருவர், 9 வருடமாகச் சுகர். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு நடந்தார். தாராபுரம் தாண்டி ஒரு பந்தலில் படுத்திருந்தபோது, பாயில் ரத்தத் திட்டைப் பார்த்தது அவர் மனைவிதான். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ஜல்லிச் சில்லு புதைந்திருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை, வலிக்கவே இல்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதமானது.

நீண்டநாள் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாலை போடுவதற்கு முன் வாருங்கள். மரத்த கால் என்றால் வெறுங்கால் நடை வேண்டாம். பழகிய ஷூவும் பருத்தி சாக்ஸும் போட்டு நடங்கள். பந்தலில் காலுக்கு வெந்நீர் தருவார்கள். பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

அப்புறம் மாத்திரை. கிளிமிபிரைடு போன்றவற்றைப் போட்டுக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்தோடு நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அளவைக் கிளம்பும் முன்பே மாற்றியாக வேண்டும். வழியில் மாத்திரை போடுகிறவர் காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ, வியர்த்துக் கை நடுங்கினாலோ, அதைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே உட்காரவைத்து மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட்ட பிறகே நடை. பேச்சு குழறி மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒதுங்க இடமிருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். திரும்பி வந்ததும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். கணவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓட்டமாக நடந்து, தன் கால் வலியைச் சொல்லவும் மாட்டார்கள். அண்ணன்மார்களே, பெட்ரோல் பங்கைப் பார்த்தால் நீங்களே நின்று, “போய்ட்டு வா” என்று சொல்லுங்கள். இரவு படுக்கும் முன் செல்போன் டார்ச் அடித்து விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது எளிதில்லை.

அந்தத் தறிக்காரர் தம்பதி இந்த வருடமும் போனார்கள், அவர் ஷூவோடு. காங்கேயத்தில் தங்கிய இரவு வாட்ஸ்அப்பில் அவர் பாதத்தின் படம் வந்தது. சுத்தமாக இருந்தது. “உங்க காலையும் அனுப்புங்கம்மா” என்றேன். பத்து நிமிடம் கழித்து வந்தது; இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. மறுநாள் இருவரும் நடக்காமல் அங்கேயே தங்கினார்கள்.