மண்ணெண்ணெய்ச் சிட்டையில் தெரியும் வெளியுறவு

யாழ்ப்பாணக் கரையோரச் சங்கங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். கடற்றொழிலாளர் ஒருவரின் கொப்பியைத் திறந்தால் மீன் வரவைவிட எண்ணெய்ச் செலவுதான் முதலில் கண்ணில் படும். மீன் விற்ற காசில் அந்தச் சிட்டையைக் கழித்த பிறகே படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. ஒருதரம் போய்வர 25 லீற்றர் எரிக்கும் படகு என்று வையுங்கள்: 2,175 ரூபாய்ச் சிட்டை 8,500 ஆகிறது. மீன் விலை நாலு மடங்கு ஏறவில்லையே.

“அரசாங்கம் விலையைக் கூட்டிப்போட்டுது” என்று எல்லோரும் திட்டினோம். சரி, திட்டவேண்டியதுதான். ஆனால் கதை கொழும்போடு முடிவதில்லை. நாட்டுக்குத் தேவையான எண்ணெய் முழுவதும் கப்பலில் வருகிறது, டொலருக்கு வருகிறது. ஆகவே யார் விற்பார், யார் கடன் தருவார், யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் வெளிநாட்டு அமைச்சின் கணக்காகிவிடுகிறது.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்த சிறிமாவோ அரசாங்கம், சோவியத் நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் இறக்கியது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. நட்டஈடு இழுபட, 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965 இல் வந்த டட்லி சேனநாயக்க அரசாங்கம் நட்டஈட்டுக்கு இணங்கிய பிறகுதான் உதவி திரும்பவும் வந்தது.

அப்புறம் ஈரான். 1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு, அதாவது சுத்திகரிக்காத எண்ணெய்க்கு, பொருந்தக் கட்டப்பட்டது. அமெரிக்கத் தடை இறுகியதும் அந்த எண்ணெய் நின்றது. வாங்கியதற்கான 251 மில்லியன் டொலர் கடன் மட்டும் மிஞ்சியது. காசை அனுப்ப வங்கி வழி இல்லை. 2021 டிசம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும், இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் காசு கிடைக்கும். தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடைக்குள் வராது என்பது அரசாங்கத்தின் விளக்கம். கணக்காளன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். ஆனால் வோஷிங்டனையும் தெஹ்ரானையும் ஒரே நேரத்தில் சமாளிக்க ஒரு சின்ன நாடு எவ்வளவு வளையவேண்டியிருக்கிறது!

2022 இல் டொலர் தீர்ந்தபோது கேள்வியே மாறிவிட்டது. என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை, கடனுக்கு யார் தருவார் என்றுதான் கேட்டார்கள். கடையில் கொப்பிக்கடன் வைத்திருப்பவர் கடைக்காரரை எதிர்த்துப் பேசுவதில்லை. திகதிகளைப் பாருங்கள். ஜனவரியில் திருகோணமலை சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் 61 ஐக் கூட்டாக நடத்த இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம். பெப்ரவரியில் எரிபொருளுக்கு 500 மில்லியன் டொலர் இந்தியக் கடன். ஒன்றுக்காகத்தான் மற்றது என்று நான் சொல்லவரவில்லை. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறிய கடிதங்களிலேயே அந்தக் குதங்கள் இருக்கின்றன. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் இழுபட்ட விஷயம், கையில் காசில்லாத மாதத்தில் நகர்ந்தது.

நம் தீவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் ஜெனரேற்றரின் தேவையைக் குறைக்கச் சூரிய, காற்று மின் திட்டம் ஒன்று வந்தது. 2021 தொடக்கத்தில் அது சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. தன் கரைக்குப் பக்கத்தில் சீனா வேண்டாம் என்றது இந்தியா. ஆண்டு முடிவில் சீன நிறுவனம் விலகியது, 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகவே தருவதாக ஒப்பந்தம் போட்டது. எண்ணெயை விட்டு விலகப் போனாலும் வெளிநாடுகள்தான் வாசலில் நிற்கின்றன.

சங்கங்களுக்கு என் யோசனை இதுதான்: ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எரிபொருளுக்கென்று தனி ஒதுக்குநிதி ஒன்றைத் தீர்மானமாகப் போடுங்கள், நல்ல மீன்பாடு கிடைக்கும் மாதங்களில் அதில் கொஞ்சம் போட்டு வையுங்கள். வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கப்பல்கள் கடக்கும் ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் என்று செய்தி வந்தால், மாத முடிவில் வரும் விலைத் திருத்தத்தை எதிர்பார்த்து அடுத்த மாத வரவுசெலவைத் திருத்திவிடுங்கள். எண்ணெயை வீட்டில் பதுக்கவேண்டாம், காசை ஒதுக்கினால் போதும்.